பெரிய மாமாவின் கையை நான் கடித்தது எதனால் என்றால்

கிணற்றுத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. உலை கொதிப்பதற்கு முன்னால் பாத்திரத்தின் அடியிலிருந்து கிளம்புமே, அந்த மாதிரி ஒரு கொத்துக் குமிழி மேலே வரும். நிற்கும். கொஞ்சம் கழித்து இன்னொரு கொத்து வரும். நிற்கும். திடீரென்று கிணற்றின் நடுவே தண்ணீர் கல்யாண வீட்டு அண்டாவைப் போலக் குமுறியது. வெள்ளை வெளேரென்று நுரை. அடிச்சேற்றின் வாடை மேலே வந்து மூக்கில் ஏறியது.

“குமுறுதுடா. சாமி கெளம்பிருச்சு” என்றார் பெரிய மாமா. பின்னாலிருந்து யாரோ குலவை போட்டார்கள்.

என் கையில் ஒரு கயிறு இருந்தது. அதன் மறுமுனை ஐம்பதடி ஆழத்தில் என் நாத்தனார் ராணியின் இடுப்பில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் கைதட்டாத ஆள் நான் ஒருத்திதான். பக்திக் குறைவால் இல்லை. அந்தக் கொதிப்பு என்னவென்று முந்தின நாள்தான் ராணி எங்கள் சமையல் மேடையில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அதைச் சொல்வதற்கு முன், சாமி எதற்காகக் கிணற்றுக்குள் போனார் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கிற என் அம்மா, “எப்பவும் நடுவுல இருந்தே ஆரம்பிக்கிற” என்று வாராவாரம் போனில் குறைப்படுகிறாள்.

சூடான சாமி

என் கணவர் வீட்டுக் குலசாமி கருப்பு. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் தோட்டத்து மூலையில் ஒரு வேப்பமரம், நாலு கல். அதுதான் கோயில். சிலை கிடையாது, இரண்டு முழ நீளத்தில் ஓர் அரிவாள் உண்டு. மாசியில் சிவராத்திரியை ஒட்டிப் படையல் நடக்கும். என் மாமனாரின் அண்ணனான பெரிய மாமா அந்த அரிவாளைக் கையில் வாங்கினால்தான் சாமி வரும். வேறு அரிவாளுக்கு வராது. ஒரு வருஷம் பட்டறையில் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்துப் பார்த்தார்களாம். பெரிய மாமாவுக்குக் கொட்டாவிதான் வந்ததாம்.

கருப்புக்குச் சூடு அதிகம். அதனால் படையல் முடிந்ததும் அரிவாளுக்கு விளக்கெண்ணெய் பூசி, துணியில் சுற்றி, செம்புப் பெட்டியில் வைத்து, சங்கிலியில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். அடுத்த மாசி வரைக்கும் சாமி தண்ணீருக்குள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெளியில் இருந்தால் ஊர் தாங்காது.

மழை பொய்த்த வருஷங்களில் கிணறு வறண்டு, பெட்டி வெறும் காற்றில் தொங்கியிருக்கிறது. அப்போது ஊர் எப்படித் தாங்கியது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். “வந்த அன்னிக்கே கேள்வியா” என்றார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். அதற்குப் பிறகு நான் கேள்விகளை மனதுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளப் பழகினேன். அங்கே அவை பெருகிவிட்டன.

போன மழைக்குக் கிணறு வாய் வரை நிறைந்தது. சங்கிலி எப்போது துருப்பிடித்தது, எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. தை பிறந்ததும் இழுத்துப் பார்த்தார்கள். பாதிச் சங்கிலி வந்தது. சாமி வரவில்லை.

மோட்டார் போட்டு இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊற்று நிரப்பியது. முங்குநீச்சலில் பேர் வாங்கிய பங்காளிகள் வரிசையாகக் குதித்தார்கள். பாதி ஆழம்கூடப் போகவில்லை, “காதுக்குள்ள ஆணி அடிக்குதுப்பா” என்று மேலே வந்து உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து ஆள் கூட்டி வரலாம் என்றார் என் கணவர் செந்தில். பெரிய மாமா முறைத்தார். கருப்பின் பெட்டியைக் கருப்பின் பிள்ளைகள்தான் தொடலாம்.

அப்போதுதான் எல்லோருக்கும் ராணியின் நினைவு வந்தது.

கல்யாணம் ஆகாததன் பலன்

ராணி என் கணவரின் தங்கை. பாண்டிச்சேரிப் பக்கம் ஆழ்கடலில் முங்கச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளர். சுற்றுலா வருகிறவர்கள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டி, உயிரோடு திருப்பி அனுப்புவது அவள் வேலை. இந்த வேலையை எங்கள் குடும்பத்தில் யாரும் வெளியில் சொல்வதில்லை. “டீச்சரா இருக்கா” என்பார் அத்தை. என்ன பாடம் என்று கேட்டால், இந்த வருஷம் வெயில் அதிகம் என்பார்.

ராணிக்கு வரன் அமையவில்லை என்பது குடும்பத்தின் நிரந்தரத் துக்கம். ஒரு தடவை அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்த போட்டோவைத் தரகருக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் அவள் கறுப்பு ரப்பர் உடையில் நின்றாள். “மாப்பிள்ளை வீட்டுல வவ்வால்னு நெனச்சுட்டாங்க” என்று அத்தை அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்தது.

இங்கேதான் வழக்கம் வந்து நிற்கிறது. கல்யாணமாகிப் போன பெண் புருஷன் வீட்டுக் குலசாமிக்கு மாறிவிடுவாள். ராணி எங்கும் போகவில்லை. ஆகவே அவள் இன்னும் கருப்பின் பிள்ளை. அந்த வேலை குடும்பத்துக்கு ஆகாது என்று வருஷக்கணக்காக அவளோடு பேசாமல் இருந்த பெரிய மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“தாயி, நல்ல வேளை ஒனக்கு இன்னும் ஒண்ணும் அமையல.”

“பெரியப்பா, இத எங்க அம்மாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் வாரேன்.”

அதே வழக்கப்படி, கல்யாணமாகி வந்த நானும் கருப்பின் ஆள்தான். அதனால்தான் கயிறு என் கைக்கு வர முடிந்தது. என்னைப் பெற்ற வீட்டுச் சாமி இதையெல்லாம் பற்றி என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதையும் நான் யோசித்திருக்கிறேன்.

பப்பாளித் தண்டு

முதல்நாள் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள் ராணி. இரண்டு சிலிண்டர், ஒரு மூட்டை டியூப். “நம்ம தோட்டத்துக் கம்ப்ரசர்லயே காத்து அடிச்சிருக்கலாம்ல, எதுக்கு அங்க இருந்து தூக்கிட்டு வந்த” என்றார் செந்தில். அவர் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். குழாய்க்குள் போவது எதுவானாலும் அவருக்குக் கருத்து உண்டு.

“அதுல வர்ற காத்துல ஆயில் நாத்தம் அடிக்கும்ணே. கேணிக்குள்ள போயி மயக்கம் போடவா? அதோட அது டயருக்கு அடிக்கிற காத்து. இதுக்குள்ள இருக்கிறது கார் டயர்ல இருக்கிறத விடத் தொண்ணூறு மடங்கு நெருக்கம்.”

தொண்ணூறு மடங்கு என்றதும் என் மூன்று வயது மகள் இனியாவைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தேன். கதவைச் சாத்தினேன். சாத்தினால் அவளுக்குக் காற்று வருமா என்று திறந்தேன். ராணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மதினி, அண்ணன் பப்பாளித் தண்டு கதையச் சொல்லிருக்கா?”

சொன்னதில்லை. செந்தில் கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ராணி விடவில்லை.

சின்ன வயதில் இருவரும் பப்பாளி இலையின் தண்டை வெட்டி வாயில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குள் ஒளிவார்களாம். தண்டு உள்ளே வெறும் குழல். தலை மட்டும் முங்கினால் சுகமாக மூச்சு விடலாம். அண்ணனுக்கு அது போதவில்லை. தோட்டத்து டியூப்பில் நீளமாக ஒரு துண்டு வெட்டி வாயில் கவ்விக்கொண்டு, மடியில் ஒரு கல்லைக் கட்டி, ஓர் ஆள் ஆழத்துக்கும் கீழே போய் உட்கார்ந்தார். டியூப்பின் மேல்வாயைத் தங்கை பிடித்துக்கொண்டாள். அடைப்பு இல்லை, மடங்கவும் இல்லை. ஆனாலும் மூச்சு இழுக்க முடியவில்லை. நெஞ்சு விரியவே இல்லை. கல்லை உதறிவிட்டு மேலே வந்து இருமித் தீர்த்தார்.

“மட்டமான டியூப்பு அது” என்றார் செந்தில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. “நல்ல டியூப்பா இருந்தா போயிருக்கலாம்.”

“இருவது வருசமா டியூப்பத்தான் திட்டுறாரு” என்றாள் ராணி.

நான் இயற்பியல் படித்தவள். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் அது என் கணவரின் நெஞ்சின்மேல் உட்கார்ந்த விஷயம் என்று அன்றுதான் உறைத்தது. ஆழம் போகப் போக, மேலே இருக்கிற தண்ணீரின் எடை முழுவதும் உடம்பை நாலாபக்கமும் அமுக்குகிறது. டியூப் வழியாக வருவதோ தரையின் மேலுள்ள சாதுவான காற்று. வெளியே தண்ணீர் அமுக்க, உள்ளே சாதுக் காற்றை இழுக்க, நெஞ்சுக்கு அந்தப் பலம் கிடையாது. முப்பது அடி முங்கினாலே அமுக்கம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ஐம்பதடியில் இரண்டரை மடங்கு. அங்கே மூச்சு விட வேண்டுமென்றால் காற்றும் அதே இரண்டரை மடங்கு நெருக்கத்தில் வாய்க்கு வர வேண்டும். குறைந்தால் நெஞ்சு விரியாது. கூடினால் நெஞ்சு தாங்காது.

“அது எத்தன அடி ஆழம்னு வாயில வைக்கிற சாமானுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அதுக்குத் தெரியாது மதினி. தண்ணியே சொல்லிரும்.”

கேட்டால்தான் தரும்

ராணி அந்த வாய்க்கருவியின் மூடியைக் கழற்றினாள். அதற்கு ரெகுலேட்டர் என்று பெயர். உள்ளே சின்ன அப்பளம் அளவில் ஒரு ரப்பர் தட்டு. தட்டின் வெளிப்பக்கம் தண்ணீர் நேராக வந்து அமுக்கும். உட்பக்கம் நாம் மூச்சிழுக்கிற காற்று. தட்டை ஒட்டி உள்ளே ஒரு சின்ன லிவர்.

நாம் மூச்சை இழுக்கும்போது உள்ளே காற்று குறைகிறது. வெளியே உள்ள தண்ணீர் தட்டை உள்நோக்கித் தள்ளுகிறது. தட்டு லிவரை அமுக்க, வால்வு திறந்து காற்று வருகிறது. உள்ளே இருக்கிற காற்று வெளியே இருக்கிற தண்ணீருக்குச் சமமாகிற வரைக்கும் வரும். சமமானதும் தட்டு பழைய இடத்துக்குப் போகும், வால்வு மூடிக்கொள்ளும். பத்தடியில் தண்ணீர் கொஞ்சம் அமுக்கினால் கொஞ்சம் நெருக்கமான காற்று. ஐம்பதடியில் அதிகம் அமுக்கினால் அதிக நெருக்கமான காற்று. விடுகிற மூச்சு இன்னொரு வழியாகக் குமிழியாக வெளியே போய்விடும்.

தொண்ணூறு டயர்க் காற்றை நேராக இந்த அப்பளத்திடம் விட்டால் பிய்ந்துவிடும். அதற்காகச் சிலிண்டரின் கழுத்திலேயே பித்தளைக் கட்டி ஒன்று உண்டு. அதுவும் தண்ணீரின் அமுக்கத்தைக் கேட்டுக் கேட்டு, முதல் தவணையில் காற்றின் கோபத்தைத் தணித்து, டியூப்புக்கு அனுப்பும். வாய்க்கருவி இரண்டாவது தவணை.

“மேல தண்ணி எம்புட்டு அமுக்குதோ அம்புட்டுக் காத்து. கேட்டாத்தான் தரும். கேக்காட்டி கம்முனு இருக்கும்” என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. கேட்ட அளவு கொடுத்து, கேட்காதபோது கம்மென்று இருக்கிற குணம் என்னிடம் கிடையாது. இனியா ஒரு வாய் கேட்டால் நான் மூன்று வாய் ஊட்டுவேன். அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வரும். அந்த விரலாலேயே அவளை எழுப்பியும் விடுவேன்.

“கெட்டுப் போச்சுன்னா?” என்றேன். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

“தொறந்துக்கிட்டுத்தான் கெடும். மூடிக்கிட்டு கெட்டா ஆளு காலி. அதனால, கெட்டா காத்து கொட்டுற மாதிரியே செஞ்சிருக்காங்க. நம்ம அம்மா மாதிரி. கோவம் வந்தா வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாது, எல்லாத்தயும் கொட்டிரும்.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது” என்று கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

கொட்டுகிற காற்றிலிருந்தே வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு மேலே வர வேண்டும். சிலிண்டர் சீக்கிரம் தீரும். அதற்காகப் பாதி வழிக்கு மேலே, மூன்று ஆள் ஆழத்தில், இரண்டாவது சிலிண்டரைத் தனிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். அதை வாயில் வைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்று, ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த காற்று மெல்ல வெளியேறின பிறகு மேலே வருவாள்.

“எது நடந்தாலும் மெதுவாத்தான் வருவேன். யாரும் என்ன இழுக்கக் கூடாது.”

“ஏன்?”

“கொடைக்கானல் போயிருக்கீங்கள்ல?”

சிப்ஸ் பாக்கெட்

திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். வத்தலக்குண்டில் பஸ் நிற்கும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்குங்கள். பிரிக்க வேண்டாம். மலை ஏற ஏற அது ஊதும். கொடைக்கானலில் இறங்கும்போது தலையணையைப் போல விறைத்துக்கொண்டு நிற்கும். மேலே காற்றின் அமுக்கம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. போன கோடையில் எங்கள் பஸ்ஸில் இனியா அதைப் பார்த்துப் பயந்து, பாக்கெட்டை முன் சீட்டுக்காரர் வழுக்கைத் தலைமேல் போட்டாள். அவரும் பயந்தார்.

மலை ஏறுவதற்கே இந்தப் பாடு. ஐம்பதடித் தண்ணீருக்குள் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டரை மடங்கு விரியும். மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றும் இல்லை. யாராவது வெடுக்கென்று இழுத்து, அந்தப் பயத்தில் மூச்சை அடக்கிவிட்டால், நுரையீரல் சிப்ஸ் பாக்கெட்தான்.

“மேல கயிறு பிடிக்க நீங்க வாங்க மதினி.”

“நானா? எனக்குக் கை நடுங்கும்.”

“நடுங்கட்டும். தைரியமான ஆளுங்க போனப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நீங்கதான் கண்ணை எடுக்காம மூச்ச எண்ணுவீங்க. மூணு வருசமா அதத்தான செய்றீங்க?”

அது பாராட்டா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. சம்மதித்தேன். பிறகு, சம்மதித்தது சரியா என்று படுக்கப் போகும்வரை அவளிடமே நாலு தடவை கேட்டேன்.

குமுறல்

மறுநாள் காலையில் கிணற்றடியில் ஊரே இருந்தது. சுண்டல் விற்கிறவர்கூட வந்துவிட்டார். தண்ணீரை ஒட்டி இருந்த கல்படியில் நானும் பெரிய மாமாவும் இரண்டு பங்காளிகளும். எதிர்ப்பக்கம் செந்தில், பெட்டியைக் கட்டித் தூக்குவதற்கான தடித்த வடத்தோடு. மேலே அத்தையின் இடுப்பில் இனியா.

இறங்குவதற்கு முன் ராணி எல்லோரிடமும் சொன்னாள். “இந்தச் சின்னக் கயித்த மதினியத் தவிர யாரும் தொடக்கூடாது. நான் ஒரு தடவ சுண்டுனா நல்லா இருக்கேன். மூணு தடவ சுண்டுனா இழுக்கணும். அதுவும் மெதுவா.”

ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பேசி முடிப்பதற்காக ஆட்டுகிற ஆட்டம் அது.

அவள் போனாள். ஒரு கொத்துக் குமிழி, இடைவெளி. ஒரு கொத்து, இடைவெளி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் செந்திலின் வடம் ஆடியது. பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம்தான் கிணறு கொதித்தது.

எங்கள் பக்கத்து ஆட்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே ஆழ்துளைக் கிணறுகளில் கம்ப்ரசர் வைத்துத்தான் தண்ணீர் எடுப்பார்கள். குழாய்க்குள் காற்றை அடித்தால் முதலில் வெறும் காற்று சீறும். அப்புறம் நுரைத்துக் குமுறும். அதன் பின்னாலேயே தண்ணீர். குமுறல் என்றால் இங்கே பிறந்தவர்களுக்கு நல்ல சேதி. குமுறலைக் கண்டால் கை தானாகத் தட்டும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனிதர் விடுகிற மூச்சுக்கு இடைவெளி இருக்கும். இதில் இல்லை.

கயிற்றை ஒரு முறை சுண்டினேன். காத்திருந்தேன். கயிறு ஒரு முறை சுண்டியது. நல்லா இருக்கேன். அல்லது பாறையில் உரசியது. அல்லது என் கை நடுங்கியது. மறுபடி சுண்டலாமா, சுண்டினால் அவளுக்குத் தொந்தரவா என்று யோசிக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

“மாமா, அது சாமி இல்ல. ராணியோட காத்துச் சாமான் கெட்டிருச்சு.”

கைதட்டல் நின்றது. எங்கள் ஊரில் கிணற்றுக்குள் எது விழுந்தாலும், ஆடோ கன்றுக்குட்டியோ மோட்டாரோ, கேள்வி கேட்காமல் இழுப்பார்கள். பெரிய மாமா தாவி வந்து என் கைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தார். இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு இழுத்தேவிட்டார்.

“வேணாம் மாமா. மெதுவாத்தான் வரணும்.”

“விடுத்தா. புள்ள செத்துரும்.”

“இழுத்தாத்தான் சாவா. சிப்ஸ் பாக்கெட் மாமா. சிப்ஸ் பாக்கெட்.”

“என்னடா சொல்லுது இது?”

“பயத்துல புத்தி பெரண்டுருச்சுண்ணே” என்றார் ஒரு பங்காளி. “தண்ணி தெளிங்க.” அவரும் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

கொடைக்கானல், வத்தலக்குண்டு, காற்றின் அமுக்கம் என்று விளக்க நேரம் இல்லை. என் இரண்டு கையும் கயிற்றில் இருந்தது. பெரிய மாமாவின் வலது கை என் முகத்துக்கு நேராக இருந்தது. அரிவாள் பிடிக்கிற கை. கல்யாணத்தன்று எனக்கு விபூதி பூசி ஆசீர்வதித்த கை.

கடித்தேன்.

சும்மா இல்லை, பல் பதியக் கடித்தேன். வெற்றிலையும் டீசலும் கலந்த ருசி. “ஆத்தாடி” என்று கத்திக்கொண்டு கயிற்றை விட்டார். கடித்தவளின் பக்கத்தில் வர மற்றவர்கள் தயங்கினார்கள். படியில் எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. மேலே ஊர் முழுவதும் வாயைத் திறந்தபடி நின்றது. “அம்மா தாத்தாவ சாப்புட்டாங்க” என்று இனியா அத்தையிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

கயிற்றைத் தளர்த்தினேன். இழுத்த நீளம் முழுவதையும் திருப்பி உள்ளே விட்டேன்.

கொதிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது.

தண்ணீர் கண்ணாடியைப் போல ஆனது. ஒரு குமிழிகூட இல்லை. கயிற்றைச் சுண்டினேன். பதில் இல்லை. எதிர்ப்பக்கம் செந்தில் வடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினார். முங்கினால் காது வலிக்கிற ஆழத்துக்கு, சின்ன வயதில் இருவரும் பப்பாளித் தண்டோடு ஒளிந்த அதே கிணற்றுக்குள், அவர் குதிக்கப் போகிறார் என்று புரிந்தது. கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறப்பதற்கில்லை. என் சொல்லை நம்பி அவர் தங்கையை அங்கே விட்டு வைத்திருந்தார். என் சொல்லை நானே நம்பிப் பழக்கமில்லை.

தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துக் காத்திருக்கும் அந்த நொடி உங்களுக்குத் தெரியுமா? அதை நீட்டிக்கொண்டே போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஒரு கொத்துக் குமிழி வந்தது.

நின்றது.

இன்னொரு கொத்து வந்தது. இடைவெளி. முதல் சிலிண்டர் தீரவும் இரண்டாவது சிலிண்டரைப் பிடித்துவிட்டாள். கயிறு ஒரு முறை சுண்டியது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கயிறு

மூன்று ஆள் ஆழத்தில் அவள் நின்ற நேரம் முழுவதும் நான் குமிழிகளை எண்ணினேன். பெரிய மாமா கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கறுப்புத் தலை மேலே வந்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “யாரு இழுத்தது?”

பங்காளிகள் இருவரும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்கள்.

“பெட்டியக் கட்ட சேத்துல முட்டி போட்டு உக்காந்தேன். மணல் உள்ள போயி லிவர் மாட்டிக்கிச்சு. காத்து கொட்டுது, சரி, போவோம்னு கெளம்புறப்ப வெடுக்குனு ஒரு இழு. வாயில இருந்தது பாதி வெளிய வந்திருச்சு. இன்னொரு இழு இழுத்திருந்தா...” என்று நிறுத்தி, பெரிய மாமாவின் கையைப் பார்த்தாள். “என்ன பெரியப்பா, நாய் கடிச்சிருச்சா?”

“ஒன் மதினி” என்றார் அவர்.

ராணி சிரித்ததில் கைப்பிடி வழுக்கி மறுபடியும் ஒரு முறை தண்ணீருக்குள் போனாள்.

பெட்டியை வடத்தோடு இழுத்தார்கள். இழுக்க வேண்டும் என்று துடித்தவர்களுக்கு இழுக்க ஒன்று கிடைத்தது. அவர்கள் இழுத்த வேகத்தில் சாமி பறந்து வந்து படியில் விழுந்தார். பெட்டி ஓரத்தில் நசுங்கியது. அது ராணியாக இருந்திருந்தால் என்று நான் நினைக்க, மற்றவர்களும் அதையே நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பெட்டியைத் திறக்க யாரும் முன்வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் எனக்கு உறக்கம் சரியில்லை. கத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ. கிள்ளியிருந்தால் போதுமோ. மூத்தவர் கையைக் கடித்தது பாவம் என்றால் அதற்குப் பரிகாரம் யாரிடம் கேட்பது? எங்கள் குடும்பத்தில் சாமியிடம் கேட்பதென்றால் அதுவும் பெரிய மாமாவிடம்தான் கேட்க வேண்டும்.

படையல் நாள் உச்சிவேளையில் அவர் அரிவாளை வாங்கினார். சாமி வந்தது. கொட்டாவி வரவில்லை. வரிசையாக எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசிக்கொண்டே வந்தார். வலது கையில் மஞ்சள் துணிக் கட்டு. இடது கையால் விபூதி கொடுக்க முடியாது. கொடுத்தால் அது சாமி இல்லை.

என் முறை வந்தது. கண்ணை மூடிக் குனிந்து நின்றேன். கை என் நெற்றிக்கு நேராக வந்து, வாய்க்கு மேலே நின்றது. நான் கண்ணைத் திறந்தேன். கருப்பு ஓர் அடி பின்னால் போனார். அங்கிருந்தபடியே விபூதியை என் மேல் வீசினார்.

பின்னால் ராணி இருமினாள்.

“சாயந்திரம் எறக்குறப்ப” என்றது சாமி, யாரையும் பார்க்காமல், “கயிறு அவ கையில இருக்கட்டும்.”

சாயந்திரம் புதுச் சங்கிலியில் பெட்டியைக் கட்டி, சங்கிலியில் கயிற்றைக் கட்டி, என்னிடம் கொடுத்தார்கள். நான் இறக்கினேன். பாதியில் நிறுத்தி முடிச்சைப் பார்த்தேன். சந்தேகம் வந்து கொஞ்சம் மேலே தூக்கி, மறுபடி பார்த்து, மறுபடி இறக்கினேன். இருட்டிக்கொண்டு வந்தது. இனியா தூங்கிப்போனாள். வழக்கமாகப் பெட்டியை இறக்கும்போது பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் “விடு, விடு” என்று கத்துவார்கள்.

யாரும் கத்தவில்லை. பெரிய மாமா என் பக்கத்துப் படியில்தான் நின்றார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.